வாயில்லா ஜீவனுக்கு கையில கிடைச்சதை குடுக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல அழகர்கோவில் பக்கம் குரங்குத் தொல்லைன்னு அடிக்கடி செய்தி வருது, கோடை லீவு வந்துட்டா வண்டலூர் ஜூவுல கூட்டம்னு படம் வருது, விசேஷ நாள்ல கோயில் யானைக்கு ஜனங்க பழம் குடுக்குற படமும் வருது. மூணையும் தனித்தனியா படிச்சுட்டு பக்கத்தைப் புரட்டிடுறோம், எனக்கு மூணும் ஒரே விஷயமாத்தான் தெரியுது. அந்த ஜீவன்களுக்கு என்ன சாப்பாடு, எம்புட்டு, எந்த நேரத்துல, யார் கையால போகணும்ங்கிறதை நாம யாரும் யோசிக்கிறதே இல்லை, கையில என்ன இருக்கோ அதை நீட்டுறோம், அது வாங்கித் தின்னுட்டா நமக்கு மனசு நிறைஞ்சு போகுது. கால்நடைத் துறையில ஆய்வாளரா மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி பக்கமெல்லாம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான், அந்த உரிமையில கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், தயவுசெஞ்சு வெட்டாம போடணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு தீவனம் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லவே மாட்டேன். ஜல்லிக்கட்டு மாடு வளர்க்குற வீட்டுல போய் பாருங்க, பாலமேடு அலங்காநல்லூர் பக்கம் காளைக்கு வைக்கிற தீவனத்தை ஒரு டாக்டர் எழுதிக் குடுத்த மாதிரி வச்சிருப்பாங்க, பருத்திக்கொட்டையை ஊற வச்சு ஆட்டி, கோதுமைத் தவிடு, உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு இன்னது இம்புட்டுன்னு அளந்து, தை மாசம் நெருங்க நெருங்க பேரீச்சம்பழம், தேங்காய், நாட்டுக்கோழி முட்டைன்னு கூட்டி, கூடவே நடை, நீச்சல், மண்ணு குத்துறதுன்னு வேலையும் குடுத்து, மாடு பெருத்தும் போகக்கூடாது மெலிஞ்சும் போகக்கூடாதுன்னு திமிலைத் தடவிப் பார்த்தே சொல்லிருவாங்க. பக்கத்து வீட்டுக்காரர் வந்து மிச்சமான பரோட்டாவை அந்தக் காளைக்கு நீட்டுனா சும்மா விடுவாங்களா? கையைத் தட்டி விட்டுருவாங்க. அதே மனுஷன்தான் குடும்பத்தோட அழகர்கோவிலுக்குப் போனா குரங்கைக் கண்டதும் பிள்ளை கையில இருக்குற மசாலா பாக்கெட்டைப் பிரிச்சு குடுக்கச் சொல்றாரு. தன் மாட்டுக்கு ஒரு நியாயம், மலையில இருக்குற ஜீவனுக்கு ஒரு நியாயமா? அது வேணும்னு பண்றது இல்லை, குரங்குக்கும் ஒரு வயிறு இருக்கு, அதுக்கும் ஒரு கணக்கு இருக்குன்னு யாரும் சொல்லித் தரலை, அதுதான் குறை.

தப்பான சாப்பாடு ஒரு மிருகத்தை என்ன பண்ணும்னு நான் கண்ணால பார்த்தது மாட்டுப் பொங்கல் மறுநாள்ல. வருஷா வருஷம் இந்த கேஸ் வரும், எங்க வேலையில இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆசை ஆசையா வளர்த்த பசு, அன்னைக்கு ஒருநாள் வயிறு நிறைய சாப்பிடட்டும்னு வீட்டுக்கு வர்றவங்க போறவங்க எல்லாம் பொங்கலையும் சோத்தையும் வாழைப்பழத்தையும் அள்ளி அள்ளி ஊட்டிருப்பாங்க. மறுநாள் காலையில மாடு எந்திரிக்காது, அசை போடாது, பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டு தலையைத் தொங்கப் போட்டுக் கிடக்கும், இடது பக்க விலாவுக்குப் பின்னால கையை வச்சு அமுக்குனா தண்ணி ரொப்புன பை மாதிரி தளதளன்னு இருக்கும், சாணி தண்ணியா புளிச்ச வாடையோட போகும். உள்ள என்ன நடக்குதுன்னா, மாட்டோட பெரிய வயித்துல கோடிக்கணக்குல நுண்ணுயிரி இருக்கு, புல்லு வைக்கோலை செரிக்க வைக்கிறதே அதுகதான், திடீர்னு சோறு, வெல்லம்னு மாவுப்பொருள் மலை மாதிரி உள்ள வந்தா வேற வகை கிருமி பெருகி லாக்டிக் ஆசிட்டா மாத்திருது, வயிறு முழுக்க அமிலமாகி, நல்ல நுண்ணுயிரி செத்து, அந்த அமிலம் ரத்தத்துலயும் ஏறிருது. சீக்கிரம் பார்த்தா ஆப்பசோடா கரைச்சு ஊத்தி, டிரிப் ஏத்தி காப்பாத்தலாம், லேட்டானா கஷ்டம்தான். விஷம் யாரும் வைக்கலை, சர்க்கரைப் பொங்கல்தான் வச்சாங்க. பசுவுக்கே இந்தக் கதின்னா, அதே மாதிரி அசை போடுற புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பிரெட்டும் பிஸ்கட்டும் போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. மான் வலியை வெளிய காட்டவும் காட்டாது, காட்டுல வலியைக் காட்டுன மான் புலிக்கு இரையாயிரும்ல, அதனால கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்துட்டு ஒருநாள் பொத்துன்னு விழுந்துரும்.

ஜூவுல தீவனம் போடுறவங்களோட தலைவலியே இங்கதான் ஆரம்பிக்குது. வெளிய பார்க்க ஒண்ணு மாதிரி இருக்குறது உள்ள வயித்துல ஒண்ணு இல்லை. நம்ம அழகர்மலையில சுத்துற நாட்டுக்குரங்கு இருக்கே, அது பழம், கொட்டை, தளிர், பூச்சி எல்லாம் திங்கும், கன்னத்துல பை வேற இருக்கு, கிடைச்சதை அதுல அடைச்சுக்கிட்டு ஓரமா போய் உக்காந்து நிதானமா மெல்லும். மூஞ்சி கருத்து, வாலு நீளமா இருக்குற மந்தி (லங்கூர்னு சொல்ற வகை) அப்படி இல்லை, இலைதான் அதுக்கு சோறு, வயிறே மாட்டு வயிறு மாதிரி அறை அறையா இருந்து புளிக்க வச்சு செரிக்கிற ஜாதி, அதுக்கு வாழைப்பழமா குடுத்துக்கிட்டே இருந்தா பொங்கல் தின்ன பசுவுக்கு வந்ததேதான் அதுக்கும் வரும். யானையும் தழைதான் திங்குது மாடும் தழைதான் திங்குது, ஆனா யானை அசை போடாது, அதுக்கு செரிக்கிறது எல்லாம் பின்குடல்ல, தின்னதுல பாதிக்கு மேல செரிக்காமலே லத்தியா வெளிய வந்துரும், அதனாலதான் அது நாள்ல முக்கால்வாசி நேரம் தின்னுக்கிட்டே இருக்கணும்னு படைச்சிருக்கு. இப்படி ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு கணக்கு, அந்த ஜாதிக்குள்ள சினையா இருக்குறதுக்கு ஒண்ணு, குட்டிக்கு ஒண்ணு, கிழத்துக்கு ஒண்ணு.

புலி சிங்கத்துக்கு என்ன பெரிய கணக்கு, கறியை வெட்டிப் போட்டா போச்சுன்னு நினைப்போம். அதுலதான் முந்தி ரொம்பப் பேர் ஏமாந்தாங்க. லண்டன் ஜூவுல 1880கள்ல சிங்கக்குட்டி எல்லாம் எலும்பு வளைஞ்சு நடக்க முடியாம போச்சு, அப்ப பிளாண்ட்-சட்டன்னு ஒரு டாக்டர் வந்து பார்த்துட்டு, வெறும் கறியோட எலும்பை நொறுக்கிப் போட்டு பாலும் மீன் எண்ணெயும் சேர்த்துக் குடுங்கன்னு சொல்லி, குட்டிங்க தேறிருச்சு. விட்டமின் டின்னு ஒண்ணு இருக்குறதையே அன்னைக்கு யாரும் கண்டுபிடிக்கலை. காரணம் இப்ப எங்க துறையில எல்லாருக்கும் பாடம், தனிக்கறியில பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் கம்மி, உடம்பு அந்தக் குறையை ஈடுகட்ட எலும்புல இருக்குறதை உருவ ஆரம்பிச்சுரும். காட்டுல புலி மானை அடிச்சா எலும்பு, ஈரல், குடல்னு சேர்த்துத்தான திங்குது, நாம கசாப்புக் கடையில நல்ல கறியா பொறுக்கிப் போட்டா அது நமக்குத்தான் நல்ல கறி. பூனை ஜாதிக்கு டாரின்னு ஒரு சத்தும் இறைச்சியிலயிருந்துதான் கிடைக்கணும், கேரட்டைத் தின்னு நம்மள மாதிரி விட்டமின் ஏ தயாரிச்சுக்கவும் அதால முடியாது. நிறைய ஜூவுல வாரத்துல ஒருநாள் புலி சிங்கத்துக்கு பட்டினி போடுவாங்க, அதைப் பார்த்துட்டு ஐயோ பாவம்னு சொல்றவங்க உண்டு. பாவமே இல்லைங்க, காட்டுல அதுக்கு தினமும் வேட்டை சிக்குறதில்லை, அந்த உடம்பு அதுக்குன்னே ஆனது, கூண்டுக்குள்ள வேட்டையாட ஓட்டமும் இல்லாம தினம் வயிறு முட்டத் தின்னா கொழுப்பு வச்சு மூட்டு போயிரும்.

நல்லா நடக்குற ஒரு ஜூவோட சமையல்கட்டைப் பார்த்தா கல்யாண மண்டபம் தோத்துப் போகும். விடியறதுக்குள்ள காய்கறி, பழம், கீரை, கறி எல்லாம் வந்து இறங்கும், அழுகல் இருந்தா திருப்பி அனுப்பணும், காய் கீரையை பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணியில அலசணும், ஒவ்வொரு கூண்டுக்கும் இன்னது இத்தனை கிலோன்னு சீட்டு இருக்கும், அதைப் பார்த்து எடை போட்டு தனித்தனி கூடையில போகணும். குரங்குக்கு பெரிய துண்டா நாலு போட்டா தலைவன் குரங்கு நாலையும் எடுத்துக்கும், அதனால பொடிசா நறுக்கி அங்கிட்டும் இங்கிட்டும் இறைச்சு விடணும், அப்பத்தான் சவலைக்கும் கிடைக்கும், தேடித் தின்ன மாதிரியும் இருக்கும். எல்லாத்தையும் விட முக்கியம் சாயங்காலம் மிச்சம் என்ன கிடக்குதுன்னு பார்க்குறது. நேத்து வரைக்கும் எல்லாத்தையும் தின்ன ஜீவன் இன்னைக்கு பாதியை ஒதுக்கிருச்சுன்னா அதுக்கு பல்லு வலியோ காய்ச்சலோ வயிறு சரியில்லையோன்னு கீப்பருக்கு கிடைக்கிற முதல் துப்பு அதுதான், பேச முடியாத ஜீவனுக்கு வேற எப்படி கண்டுபிடிக்கிறது. இந்த இடத்துலதான் நாம போடுற ஒரு பாக்கெட் எல்லாத்தையும் கெடுக்குது. வேடிக்கை பார்க்க வந்தவங்க போட்ட சிப்ஸுல வயிறு நிறைஞ்சு தட்டுல இருக்குற கீரையை ஒதுக்குனா, கீப்பர் அதை சீக்குன்னு நினைக்கணுமா திமிருன்னு நினைக்கணுமா?

பழம் குடுக்குறது எப்படி தப்பாகும், பழம் இயற்கைதானன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா நாம சந்தையில வாங்குற வாழைப்பழம், ஆப்பிள், திராட்சை எல்லாம் நம்ம நாக்குக்காக தலைமுறை தலைமுறையா இனிப்பைக் கூட்டி வளர்த்தது. காட்டுல கிடைக்கிற அத்திப்பழம், ஆலம்பழம், நாவப்பழம் எல்லாம் நார் ஜாஸ்தி, இனிப்பு கம்மி, துவர்ப்பு இருக்கும், கொட்டை இருக்கும். இங்கிலாந்துல பெய்ன்டன்னு ஒரு ஜூவுல குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிப்பாட்டி காய்கறிக்கு மாத்திட்டோம்னு 2014ல சொன்னாங்க, சர்க்கரை அதிகம், பல்லு கெடுது, நீரிழிவு வருதுன்னு காரணம் சொன்னாங்க. ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன் ஜூவுலயும் பழம் ரொம்ப இனிப்பாயிருச்சுன்னு 2018 வாக்குல பழத்தைக் குறைச்சு கீரை தழைக்கு மாறுனாங்க. குரங்குன்னா வாழைப்பழம்னு ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகத்துலயிருந்து நம்ம மனசுல பதிஞ்சிருச்சு, முயல்னா கேரட்டுன்னும் அப்படித்தான், முயலுக்கு முக்கால்வாசி சாப்பாடு காய்ஞ்ச புல்லுதான் இருக்கணும், அதோட பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும், புல்லை அரைச்சு அரைச்சுத் தின்னாத்தான் தேயும். சின்னச் சின்ன பார்க்குல கூண்டு போட்டு முயலும் லவ் பேர்ட்ஸும் வைக்கிறவங்க இதைக் கவனிக்கணும், வெறும் தினையையும் சூரியகாந்தி விதையையும் மட்டும் போட்டா கிளி ஜாதிக்கு கொழுப்பு ஏறி விட்டமின் ஏ இல்லாம கண்ணும் மூச்சும் கெடும், கூடவே கீரையும் காயும் இருக்கணும்.

இப்ப கோயில் யானைக்கு வர்றேன். இதை எழுதுறதுக்கு கொஞ்சம் தயக்கமாத்தான் இருக்கு, பக்தி சம்பந்தப்பட்டது, யாரையும் குத்தம் சொல்ற நோக்கம் எனக்கு இல்லை, மதுரையில பொறந்து வளர்ந்த எவனுக்கும் மீனாட்சியம்மன் கோயில் யானையும் திருப்பரங்குன்றத்து யானையும் வீட்டுப் பிள்ளை மாதிரி. அதனாலதான் சொல்றேன். யானைக்கு வேணும்ங்கிறது தழை, பசும்புல், சோளத்தட்டை, ஆலங்கிளை, அரசங்கிளை, பட்டை, நாளெல்லாம் மென்னுக்கிட்டே இருக்குற மாதிரி நாரு, கூட நடை. நாம குடுக்குறது வெல்லம், சாதம், தேங்காய், வாழைப்பழம், அதுவும் வர்றவங்க எல்லாரும் தலைக்கு ஒண்ணு. யானைக்கு வாழ்நாள்ல ஆறு தடவை கடைவாய்ப்பல் முளைக்கும், ஒண்ணு தேய்ஞ்சு விழ அடுத்தது பின்னாடியிருந்து நகர்ந்து வரும், கரடுமுரடா மென்னாத்தான் அது ஒழுங்கா தேயும், நகரும். மெத்துன்னு சோறாவே தின்னா அதுலயே பிரச்சனை. உடம்பு கனம் ஏறுனா முதல்ல அடிபடுறது பாதம், கல்லுத் தரையில நாளெல்லாம் நிக்கிற யானைக்கு பாதம் கெட்டா எல்லாம் கெட்டுச்சு. இன்னொரு விஷயம் யாரும் பேசுறதில்லை, மனுஷன்கிட்ட இருந்து யானைக்கு டிபி தொத்தும், வளர்ப்பு யானைகள்ல இது வந்திருக்கு, கடிச்சுட்டு மிச்ச வாழைப்பழத்தை தும்பிக்கையில குடுக்குறவங்க அதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கணும்.

நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்கு முன்மாதிரி இருக்கு. கோயில் யானைங்களுக்கு 2003ல முதுமலையில புத்துணர்வு முகாம்னு ஆரம்பிச்சு, பின்னால மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில பவானி ஆத்தங்கரையில நடத்துனாங்க. அங்க போனதும் முதல்ல எடை போடுவாங்க, டாக்டர் பார்த்து ஒவ்வொரு யானைக்கும் பசுந்தீவனம் எவ்வளவு, கேழ்வரகு கொள்ளு பச்சைப்பயறு எவ்வளவு, தாது உப்பு, சூரணம் எவ்வளவுன்னு எழுதுவாங்க, காலையிலயும் சாயங்காலமும் நடை, ஆத்துல குளியல், முடிஞ்சு போகும்போது திரும்ப எடை. பருமனான யானைக்கு குறைக்கவும் மெலிஞ்சதுக்கு கூட்டவும் அங்க தெரிஞ்சிருந்துச்சு. அந்த முகாம்ல பண்ணுன கணக்கை வருஷம் முழுக்க கோயில்லயே பண்ண முடியாதா, பக்தர்கள் குடுக்க ஆசைப்படுறதை பணமாவோ பசும்புல் கட்டாவோ வாங்கி தீவன அறையில சேர்த்து, பாகன் கையால அளவா போகுற மாதிரி பண்ண முடியாதா? குடுத்த புண்ணியம் எங்கயும் போயிறாது.

அழகர்கோவில் குரங்கு கதைக்கு திரும்ப வர்றேன், இது ஜூ இல்லை, திறந்த மலை, ஆனா நாம அதை ஜூவா மாத்திக்கிட்டு இருக்கோம், தீவனச் சீட்டு இல்லாத ஜூவா. பழமுதிர்ச்சோலைக்குப் போற ரோட்டுல காரை நிப்பாட்டிப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல கூட்டம் கூடிரும். பெரிய ஆண் குரங்கு பானட் மேல ஏறி உக்காந்து கண்ணாடி வழியா உள்ள இருக்குற பையைப் பார்க்கும், பாட்டிலைப் பார்க்காது, பாக்கெட் சத்தம்தான் அதுக்கு தெரியும். வாங்குன பாக்கெட்டை பல்லால ஓரத்தைக் கடிச்சு மனுஷன் மாதிரியே பிரிக்கும், உள்ள இருக்குற மசாலாத் தூளை விரலால வழிச்சு நக்கிட்டு கவரை ரோட்டுல போடும், அந்தக் கவரை குட்டி ஒண்ணு எடுத்து உப்பு ருசிக்காக சப்பும், கொஞ்சம் கிழிச்சு முழுங்கவும் செய்யும். ஆலம்பழம் தின்னு கொட்டையை மலையெல்லாம் பரப்ப வேண்டிய ஜீவன் தார் ரோட்டு ஓரத்துல கையேந்தி உக்காந்திருக்கு, வண்டியில அடிபடுது, குடுக்காதவங்களைப் பாய்ஞ்சு கடிக்குது. சும்மா கிடைக்கிற சாப்பாடு கூடக் கூட குட்டியும் கூடுது. அப்புறம் நாமளே தொல்லைன்னு மனு குடுக்குறோம், கூண்டு வச்சுப் பிடிச்சு எங்கயோ கொண்டுபோய் விடுறாங்க, அங்க இருக்குற குரங்குக் கூட்டம் இதைச் சேர்க்குமா? அதுங்க சண்டை போட்டு சாகுறதை யாரும் படம் எடுக்குறதில்லை.

சட்டம் இல்லாம இல்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல 38ஜேன்னு ஒரு பிரிவு இருக்கு, ஜூவுல இருக்குற மிருகத்தைச் சீண்டுறது, காயப்படுத்துறதுன்னு வரிசையா சொல்லிட்டு அதோட தீனி போடுறதையும் சேர்த்தே தடை பண்ணிருக்கு, ஜெயில் தண்டனை வரைக்கும் போகலாம். கல்லால அடிக்கிறதையும் பிஸ்கட் போடுறதையும் ஒரே வரியில வச்சிருக்காங்கன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு. வண்டலூர் மாதிரி பெரிய இடத்துல காவல் இருக்கு, கேமரா இருக்கு, சின்ன ஊர் பார்க்குல யார் பார்க்குறா?

அதனால உங்க பேப்பர் மூலமா நான் கேக்குறது இதுதான். வனத்துறையும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து அழகர்கோவில் அடிவாரத்துலயே, கடை வரிசைக்கு முன்னாடியே, பாக்கெட் தீனியை வாங்கி வச்சுட்டு திரும்பும்போது குடுக்குற மாதிரி ஒரு கவுண்டர் போடணும், போர்டு மட்டும் வச்சா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. குரங்குக்கு நிஜமாவே நல்லது பண்ண நினைச்சா மலைச்சரிவுல ஆல், அரசு, அத்தி, நாவல், இலுப்பைன்னு மரம் வைக்கணும், கோடையில தண்ணித்தொட்டி ரொப்பணும், அதுக்கு வேண்டிய பணம் குடுக்க நம்ம ஊர்ல ஆளு இருக்கு. கோயில் யானைங்களுக்கு ஒவ்வொரு மாசமும் எடை போட்டு, என்ன எடை, என்ன தீவனம்னு எல்லாரும் பார்க்குற இடத்துல எழுதிப் போடணும், ஜனங்க தெரிஞ்சுக்கிட்டா தானா வெல்லத்தை நிப்பாட்டிருவாங்க, நம்ம ஜனங்க அன்பு இல்லாதவங்க கிடையாது. பார்க்குல கூண்டு வச்சிருக்குற எல்லா இடத்துக்கும் அந்தந்த ஏரியா கால்நடை டாக்டர் மாசம் ஒருக்கா போய் தீவனத்தைப் பார்த்து கையெழுத்து போடணும், முடியாதுன்னா கூண்டே வைக்கக் கூடாது.

பிறந்தநாளுக்கு மிருகத்துக்கு சாப்பாடு போடணும்னு ஆசைப்படுற குடும்பங்களுக்கு வண்டலூர் ஜூவுல தத்தெடுப்புத் திட்டம் இருக்கு, நீங்க கட்டுற பணத்துல நீங்க தேர்ந்தெடுத்த ஜீவனுக்கு அதோட டாக்டர் சொன்ன சாப்பாடே போகும், மதுரையிலயிருந்தே ஆன்லைன்ல பண்ணலாம். என் பேத்தி பிறந்தநாளுக்கு ஒரு கிளிக்குப் பணம் கட்டலாம்னு இருக்கோம்.

சித்திரைத் திருவிழா வருது, அழகர் மலையை விட்டு இறங்கி வரும்போது ரோடு முழுக்க ஜனமும் அன்னதானமும்தான், மிச்சச் சோறும் தண்ணி பாக்கெட்டும் மலையடிவாரத்துல குவியும். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே இந்தக் கடிதத்தைப் போட்டீங்கன்னா, அன்னதானம் பண்றவங்க மிச்சத்தை குரங்குக்கும் மாட்டுக்கும் கொட்டாம எடுத்துட்டுப் போக ஏற்பாடு பண்ணிக்குவாங்க. சங்கத்துக்காரங்க கூப்பிட்டா வந்து சொல்லித் தர நானும் என் கூட வேலை பார்த்தவங்களும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கடச்சனேந்தல், மதுரை.